புல்லில் விழுந்த வட்டம்

அண்ணாச்சி நன்றி சொல்ல ஆரம்பித்தால் எனக்குப் பயம். ஒருவர் கோபப்பட்டுக் கத்தினால் பதிலுக்கு நாமும் கத்திவிடலாம். கண்ணை மூடி, இரண்டு கைகளையும் தூக்கி, முகமெல்லாம் சிரிப்பாக, இன்னும் நடக்காத ஒன்றுக்கு ஒரு மனிதர் நன்றி சொல்லும்போது எதிரில் நிற்பவள் என்ன செய்ய முடியும்? நான் பெரும்பாலும் அவருடைய சட்டை பட்டனைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். டெக்சஸ் ஆகஸ்ட் வெயிலிலும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பட்டன் போட்டு மூடியிருப்பார்.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். ஒன்று நடந்தது என்று யாராவது சொன்னால், எங்கே, காட்டு பார்க்கலாம் என்று கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதோடு திருச்சிக் கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் வழக்கம் வேறு. கேட்போம், காத்திருப்போம், கிடைத்த பிறகு வேளாங்கண்ணிக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவோம். கிடைக்காவிட்டால் மாதாவிடம் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வோம். அண்ணாச்சியின் சபையில் நன்றிதான் முதலில். வேண்டியது கிடைத்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் எழுந்து சாட்சி சொல்லிவிட வேண்டும். விசுவாச அறிக்கை என்பார்கள். மற்றவர்கள் அதை ஞாயிற்றுக்கிழமையோடு முடித்துக்கொண்டார்கள். அண்ணாச்சிக்கு எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமைதான்.

இர்விங்கில் நாங்கள் குடிவந்த அப்பார்ட்மென்ட்டில் எங்களுக்கு நேர் மேல் வீடு அவருடையது. பாளையங்கோட்டைக்காரர். லாஸ் கொலினாஸில் ஏதோ ஓர் அலுவலகத்தில் டேட்டாபேஸ் வேலை. மனைவி மருத்துவமனையில் நர்ஸ், அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஒரே மகன் ஜோயல், அப்போது தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். வந்த புதிதில் அவர்களை ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டோம். சாப்பிடும் முன் ஜெபிக்கட்டுமா என்று அண்ணாச்சி கேட்டார். இதற்கு யார் வேண்டாம் என்பார்கள்?

“இந்தச் சாப்பாட்டுக்காக ஸ்தோத்திரம் அப்பா. இந்த வீட்டுல சுகமா பொறந்த பெண்பிள்ளைக்காக ஸ்தோத்திரம் அப்பா.”

என் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. எங்களுக்குப் பல வருடங்களாகக் குழந்தை இல்லை. அன்று காலையில்தான் குளியலறையில் கர்ப்பம் பார்க்கும் பட்டையில் இரண்டு கோடுகளைப் பார்த்திருந்தேன். என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. அவர் பாவம், அண்ணாச்சி ஏதோ தவறாக நினைத்துவிட்டார் என்று மெதுவாகத் திருத்தினார். “அண்ணாச்சி, எங்களுக்கு இன்னும் குழந்தை எதுவும் இல்லையே.”

“நடந்தாச்சு தம்பி. நம்ம கண்ணுக்கு வந்து சேரணும், அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் எங்கள் கதவுக்கு வெளியே ரோஸ் நிறத்தில் ஒரு குழந்தைக் கார் சீட் இருந்தது. எனக்குப் பிறந்தது பெண்தான். பிறகு உட்கார்ந்து நன்றாக யோசித்துப் பார்த்தேன். அக்கா நர்ஸ், நான் காபி வேண்டாம் என்றதைக் கவனித்திருப்பார், முன்னமே அவர் காதில் போட்டிருப்பார். ஆணா பெண்ணா என்பதில் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றும் சொல்லிக்கொள்கிறேன்.

இடம் தயாராக இருந்தால் ஆள் வந்துவிடும் என்பது அவருடைய சித்தாந்தம். சாப்பாட்டு மேசையில் எப்போதும் ஒரு தட்டு கூடுதலாக வைப்பார். கிரீன் கார்டு வருவதற்குப் பல வருடங்கள் முன்பே சபையில் அதற்காகக் கேக் வெட்டினார். ஜோயலுக்கு எப்போதும் ஒரு சைஸ் பெரிய ஷூதான் வாங்குவார். கடைக்காரப் பெண் அளவைத் திருத்தப் பார்த்தாலும் விடமாட்டார். பையன் முனையில் காகிதத்தைத் திணித்துக்கொண்டு நடப்பான்.

அவர் சொன்னதெல்லாம் நடந்ததா என்று கேட்டால், இல்லை. சபையில் ஈரல் கெட்டுப்போய்க் கிடந்த ஒரு பெரியவர் சுகமானதற்கு மாதக்கணக்கில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர் இறந்துவிட்டார். அடக்கத்துக்குப் போன அண்ணாச்சி, அழுதுகொண்டிருந்த விதவையின் பக்கத்தில் உட்கார்ந்து, “அவுக சுகமாயாச்சு சிஸ்டர்” என்றார். ஆறுதலுக்குச் சொல்லும் குரல் இல்லை அது. தகவல் சொல்லும் குரல். அந்த அம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு, பெட்டிக்குள் கிடந்தவரைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். 

ஜோயல் பள்ளி விட்டதும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவான். அக்காவுக்குச் சாயங்காலம் வரை டியூட்டி. நான் சுட்டுப் போடும் தோசையை நின்றபடியே தின்பான், என் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கார் பார்க்கிங்கைச் சுற்றி வருவான். அவர்கள் வீடு மாறி, நாங்களும் இரண்டு தெரு தள்ளி வீடு வாங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. தமிழ் எல்லாம் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். அதிகம் பேசாத பிள்ளை. அவன் வீட்டில் எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசி முடித்துவிட ஒருவர் இருந்ததும் காரணமாக இருக்கலாம்.

உயர்நிலைப் பள்ளியில் சாக்கர் ஆடிக்கொண்டிருந்தவனை ஃபுட்பால் கோச் கூப்பிட்டுக் கிக்கராகப் போட்டார். அமெரிக்க ஃபுட்பாலில் கிக்கர் என்பவன் ஆட்டத்தில் சில தடவைதான் உள்ளே வருவான். இன்னொருவன் தரையில் நிறுத்திப் பிடிக்கும் பந்தை உயரக் கம்பங்கள் இரண்டுக்கும் நடுவே உதைத்துவிட்டு வெளியே போய்விடுவான். ஜோயலுக்கு அது நன்றாக வந்தது. அந்த ஊரில் ஃபுட்பால் என்றால் சாதாரணமா? கல்லூரி அணி எடுத்துக்கொண்டால் படிப்புச் செலவு முழுக்க அவர்களுடையது. ஆனால் கல்லூரிக் கோச்சுகள் எல்லா ஊருக்கும் வந்து பார்க்கமாட்டார்கள். பையன்கள்தான் சோஷியல் மீடியாவில் தங்களைக் காட்டிக்கொள்ள வேண்டும். உயரம், எடை, மதிப்பெண் எல்லாம் எழுதி, ஆடிய வீடியோவைப் போட்டு, கோச்சுகளின் பெயரை டேக் செய்து கோத்துவிட வேண்டும். ஜோயலுக்கு அதில் கூச்சம். அண்ணாச்சி அந்த வேலையை எடுத்துக்கொண்டார்.

கணக்கு ஜோயல் பெயரில். படம் ஜோயலுடையது. உள்ளே பேசுவது அண்ணாச்சி. ‘இன்று நல்ல பயிற்சி. என் கால் எப்போதையும்விட வலுவாக இருக்கிறது’ என்று மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஆபீஸில் உட்கார்ந்து, தயிர்சாதத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு தட்டுவார். உயரம் ஆறடி என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு நான் சும்மா இருக்கவில்லை.

“அண்ணாச்சி, பையன் ஆறடி இல்லையே. டேப் எடுத்துட்டு வரட்டுமா?”

“வளந்தாச்சு தங்கச்சி.”

அடுத்த வருடம் ஜோயல் ஆறடியைத் தொட்டான். எங்கள் சமையலறைக் கதவில் நானே அளந்தேன். அண்ணாச்சி சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அவர் இரண்டு வார்த்தை குத்திக்காட்டியே இருக்கலாம்.

இப்படிப்பட்ட வீடியோக்களில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் ஆரம்பிக்கும் முன் படத்தை ஒரு கணம் நிறுத்தி, பையனைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போடுவார்கள். அத்தனை பேர் ஒரே மாதிரி உடுப்பில் நிற்கும்போது யாரைப் பார்ப்பது என்று கோச்சுக்குத் தெரிய வேண்டுமே. அண்ணாச்சி சனிக்கிழமைகளில் ஆளில்லாத மைதானத்தில் ஜோயலை உதைக்க வைத்துப் படம் எடுத்தார். அதிலும் வட்டம் போட்டார். தன்னந்தனியாக நிற்பவனுக்கு எதற்கு வட்டம் என்று கேட்டேன். “எல்லாரும் போடுதாவல்லா” என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

“தங்கச்சி, நீங்க தப்பு கண்டுபிடிக்கிற ஆளு. பாத்துச் சொல்லுங்க” என்று ஒரு நாள் வீடியோவை என் லேப்டாப்பில் ஓடவிட்டார். வெறும் புல் தரை. அதன்மேல் சிவப்பு வட்டம் விழுகிறது. உள்ளே யாருமில்லை. சற்று நேரம் அப்படியே இருக்கிறது. பிறகு ஓரத்திலிருந்து ஜோயல் தலையைக் குனிந்தபடி நடந்து வந்து, அந்த வட்டத்துக்குள் சரியாகக் காலை வைத்து நிற்கிறான். அடுத்த வீடியோவிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

“வட்டம் முன்னாடியே வந்துருது அண்ணாச்சி. டைமிங் தப்பு.”

“சரியாத்தான் இருக்கு. இடம் ரெடியா இருந்தா ஆளு வந்துருவாம்லா.”

ஜோயலிடம் தனியாகக் கேட்டேன். அப்பா அவன் நின்ற இடத்தைப் பார்த்துப் பிறகுதானே வட்டத்தை ஒட்டுகிறார், அதை ஏன் அவன் வரும் முன்பே தெரிகிற மாதிரி வைக்கிறார் என்று. அவன் தோசையைப் பிய்த்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னான்: மைதானத்துக்குள் நடக்கும்போதே புல்லில் அந்த வட்டம் தனக்குத் தெரிகிறது, அதற்குள் போய் நின்றால் உதைப்பது சுலபம், வெளியே நின்றால் கால் வரமாட்டேன் என்கிறது. சொல்லிவிட்டு இன்னொரு தோசை கேட்டான். பயிற்சியில் மனத்தில் பதிந்த இடம், விளையாட்டுக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று நான் சட்னியை ஊற்றினேன்.

இனி அந்தத் தவறைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேறு எந்த வீட்டிலும் இது நடந்திருக்காது.

கல்லூரி ஒன்று ஒரு பையனை எடுத்துக்கொள்வதாகச் சொன்னால், அவன் சோஷியல் மீடியாவில் அறிவிப்பான். எல்லோரும் ‘பிளெஸ்டு’ என்று தொடங்கும் ஒரே வாசகத்தைத்தான் போடுவார்கள்: இன்ன கல்லூரியிலிருந்து ஆஃபர் பெற ஆசீர்வதிக்கப்பட்டேன், எல்லா மகிமையும் தேவனுக்கே. அண்ணாச்சி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக என்னிடம் காட்டினார். கண்ணில் நீர் நின்றது. “பாத்தீங்களா? இங்க உள்ள பிள்ளைகளும் நம்மள மாதிரியேதான் சாட்சி சொல்லுதுக. நான் இந்த ஊரத் தப்பா நெனச்சிட்டேன் தங்கச்சி.” அந்தப் பையன்கள் எல்லோரும் கிடைக்கும் முன் நன்றி சொல்கிறார்கள் என்றே அவர் எடுத்துக்கொண்டார். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. தன் சபை இவ்வளவு பெரியதா என்று சந்தோஷப்பட்டவர். நான் விஷயத்தை விளக்கினேன், அண்ணாச்சி, இவங்களுக்கெல்லாம் நிஜமாகவே கிடைச்சாச்சு என்று. “அதத்தான் நானும் சொல்லுதேன்” என்றார்.

அந்த வாரம் ஜோயலின் கணக்கில் ஒரு படம் வந்தது. மேற்கு டெக்சஸில் உள்ள பெரிய பல்கலைக்கழகம் ஒன்றின் உடுப்பில் ஜோயல். அந்த உடுப்பை அவன் போட்டதே இல்லை. யாரிடமோ சொல்லிக் கம்ப்யூட்டரில் செய்தது. கீழே, முழு ஸ்காலர்ஷிப்புடன் ஆஃபர் பெற ஆசீர்வதிக்கப்பட்டேன் என்று இருந்தது.

அதற்கு முன் அவனை யாரும் பார்த்ததில்லை. அன்று எல்லோரும் பார்த்தார்கள். பள்ளியில் மைக்கில் அறிவித்துவிட்டார்கள். சபையில் கேக் வெட்டினார்கள். உண்மையில் ஜோயலிடம் ஒரு சிறிய கல்லூரியின் கோச் தானாகவே பேசிக்கொண்டிருந்தார். அவன் முதன்முதலாகத் தானே சம்பாதித்த கவனம் அது. அந்தக் கோச் இதைப் பார்த்துவிட்டு வாழ்த்துச் சொல்லி, அத்தோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். சில நாட்களில் பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து பள்ளிக்குத் தகவல் வந்தது, அப்படி யாருக்கும் நாங்கள் ஆஃபர் கொடுக்கவில்லை என்று.

ஜோயல் என்னையும் கூட்டிக்கொண்டுதான் அப்பாவிடம் போனான். அவர்கள் சமையலறையில் நின்றோம். அக்கா அடுப்பைப் பார்த்தபடி நின்றார்.

“டாடி, ப்ளீஸ். டெலீட் பண்ணுங்க. நடக்கலன்னு ஒரு போஸ்ட் போடுங்க. தட்ஸ் ஆல்.” அவன் இவ்வளவு தமிழில் பேசி அன்றுதான் கேட்டேன்.

“அத என் வாயால எப்படில சொல்லுவேன்?” என்றார் அண்ணாச்சி. “சொன்னா அது அப்படியே ஆயிரும்லா.”

“நடக்கலையே டாடி. என்னப் பாருங்க. நான் இங்க நிக்கிறேன். எனக்கு ஆஃபர் வரல.”

அண்ணாச்சி அவனைப் பார்க்கவில்லை. கையிலிருந்த ஃபோனில் அந்த உடுப்பு போட்ட ஜோயலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் மேல் இவ்வளவு பிரியமாக ஒரு மனிதர் இருப்பதையும், அந்தப் பிரியம் அவனுக்கு வந்து சேராமல் ஃபோனோடு நின்றுபோவதையும் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. “ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சிரும் அண்ணாச்சி?” என்று கத்திவிட்டேன். அவர் வெளியே போய்விட்டார்.

அக்கா அப்புறம்தான் சொன்னார். ஜோயலுக்கு முன் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை, குறை மாதத்தில் பிறந்தது. “டாக்டர் பாக்க வந்தப்ப, இது தங்காது சார்னு இவுகதான் வாயால சொன்னாக. சாயங்காலமே போயிருச்சு. அன்னையிலேருந்து இல்லன்னு ஒரு வார்த்தை இவுக வாயில வந்ததில்ல பாத்துக்கோ. கடையில போய் வெங்காயம் இல்லியான்னுகூட கேக்கமாட்டாக.”

அதற்குப் பிறகு எனக்கு அவரிடம் கோபப்பட முடியவில்லை. பயம் மட்டும் அதிகமானது.

வந்த வெள்ளிக்கிழமை மேட்சுக்கு நானும் போனேன். அக்காவும் நானும் ஒரு வரிசையில். அண்ணாச்சி வழக்கம்போலக் கம்பி வேலி ஓரமாக நின்று ஃபோனைத் தூக்கிப் பிடித்திருந்தார். எதிர்ப்பக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்தி போயிருந்தது. ஜோயல் உள்ளே நடந்ததும் அந்தப் பக்கம் முழுதும் ‘பிளெஸ்டு, பிளெஸ்டு’ என்று கைதட்டிப் பாட ஆரம்பித்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். பந்தைத் தரையில் பிடிப்பவன் ஓர் இடத்தில் மண்டியிட்டுக் காத்திருந்தான். ஜோயல் அவனைத் தாண்டிப் போனான். ஓரமாக, பந்துக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் போய், இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து நின்றான்.

அவன் பெயரைச் சொல்லி எல்லோரும் கத்தினார்கள். பந்து வந்தது. பிடிப்பவன் அதை நிறுத்தினான், திரும்பிப் பார்த்தான், எதிரணி வந்து அவன்மேல் விழுந்தது. ஜோயல் அசையவில்லை. தன் காலைச் சுற்றிப் புல்லைப் பார்த்துக்கொண்டே நின்றான். பாட்டு தானாக நின்றுபோயிற்று.  பிறகு அவன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, மைதானத்தை விட்டு வெளியே நடந்து போனான். அதன்பின் அவன் பந்தைத் தொடவில்லை.

நான் வேலி ஓரம் ஓடினேன். அண்ணாச்சி ஃபோனை இறக்கவே இல்லை. ஜோயல் போய்விட்ட பிறகும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டிருந்தார். “கம்பத்துக்கு நடுவுல போச்சு தங்கச்சி, பாத்தீங்களா” என்றார்.

பள்ளி முடிந்த கோடையில் ஜோயல் கலிபோர்னியா போய்விட்டான். சான் ரமோனில் ஒரு நண்பனோடு தங்கி, கிடங்கு வேலை பார்த்துக்கொண்டே கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தான். நம்பரை மாற்றினான். புது நம்பர் அக்காவுக்கும் எனக்கும் மட்டும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு அவனிடம் எப்போதும் இருந்ததில்லை.

கணக்கு நிற்கவில்லை. ‘இன்று நல்ல பயிற்சி.’ ‘என் கால் எப்போதையும்விட வலுவாக இருக்கிறது.’ பழைய வீடியோக்களையே வெட்டி ஒட்டி, வாரத்துக்கு ஒன்றாவது வந்தது. அடுத்த வருடம் நாங்கள் வேலை மாற்றலாகி, டெக்சஸை விட்டுப் பார்சிப்பனி வந்த பிறகும் நான் ஃபோனில் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஜோயலும் பார்த்தான். ஒரு நாள் கூப்பிட்டான். கிடங்கில் கூட வேலை செய்பவன் அவன் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, நேற்று டெக்சஸில் பயிற்சியில் இருந்திருக்கிறாயே, எப்போது வந்தாய் என்று கேட்டானாம். விளையாட்டாகத்தான் கேட்டான், ஆனால் தனக்கு ஒரு நிமிடம் பதில் தெரியவில்லை என்றான் ஜோயல். அந்த ஒரு நிமிடம்தான் ஆன்ட்டி எனக்குப் பயம் என்றான்.

நவம்பரில் ஒரு படம் வந்தது. அண்ணாச்சி வீட்டுச் சாப்பாட்டு மேசை. தட்டு வைத்திருக்கிறது, டம்ளரில் தண்ணீர். நாற்காலியில் யாருமில்லை. அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே, ‘வீட்டுக்குத் திரும்பி வந்துவிட ஆசீர்வதிக்கப்பட்டேன்.’

தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு நாங்கள் டெக்சஸ் போவதாக இருந்தது. அண்ணாச்சி மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். அமெரிக்கப் பண்டிகைகளில் அவருக்குப் பிடித்தது, நன்றி சொல்வதற்கென்றே இருந்த அது ஒன்றுதான். நான் போவது தெரிந்து ஜோயல் பேசினான். “ஆன்ட்டி, நீங்க அவர்கிட்ட சொல்லணும். நான் அங்க இல்லன்னு நேர்ல சொல்லணும். அந்தச் சேர்ல யாரும் இல்லன்னு. மம்மி சொல்லமாட்டாங்க. உங்களால மட்டும்தான் முடியும். யூ ஆர் த டெஸ்டர்.” சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். சொல்லவேண்டிய வார்த்தையை விமானத்தில் இரண்டு மூன்று விதமாகப் பேசிப் பார்த்துக்கொண்டேன்.

அண்ணாச்சி கொஞ்சம் மெலிந்திருந்தார். முழுக்கைச் சட்டை, பட்டன் எல்லாம் அப்படியே. பிரியாணி மணத்தது. என் கணவர், என் மகள், அக்கா எல்லோரும் உட்கார்ந்தோம். எனக்குப் பக்கத்து நாற்காலியில் தட்டு மட்டும். அண்ணாச்சி முதலில் அந்தத் தட்டில் சோறு வைத்தார், கறித்துண்டைத் தேடி எடுத்து வைத்தார். அக்கா தலையைத் தூக்கவில்லை.

இப்போது சொல்லிவிட வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தேன். அண்ணாச்சி கையைத் தூக்கிக் கண்ணை மூடினார்.

“ஜோயல் வீடு வந்து சேந்ததுக்கு ஸ்தோத்திரம் அப்பா. இந்தா உக்காந்திருக்க இந்தப் பெண்பிள்ளைக்காகவும் ஸ்தோத்திரம் அப்பா.”

என் மகளைச் சொன்னார். ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே மூச்சில், ஒரே குரலில். என் மகள் கண்ணை மூடாமல் பிரியாணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் முடி விழுந்திருந்தது. இவர் வாயால் ஒன்று நடக்கவில்லை என்று சொல்ல வைத்துவிட்டால், அதே வாயால் வந்த மற்றது என்ன ஆகும்? பைத்தியக்காரத்தனம்தான். காபி, நர்ஸ், பாதிக்குப் பாதி, எல்லாம் எனக்குத் தெரியும்.  தெரிந்தும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஆமென்” என்றேன். அந்த மேசையில் என் சத்தம்தான் பெரிதாக இருந்தது.

அண்ணாச்சி கண்ணைத் திறந்து ஃபோனை எடுத்தார். எல்லோரும் பாருங்க என்று ஒரு படம் பிடித்தார். பிறகு சாப்பிட்டோம். பிரியாணி நன்றாக இருந்தது என்று சொன்னதாக நினைவு. 

மறுநாள் ஜோயல் கூப்பிட்டான். படத்தைப் பார்த்துவிட்டான். நானும் பார்த்திருந்தேன். அக்கா, என் கணவர், என் மகள் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். நாற்காலியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். நான் மட்டும் பக்கவாட்டில் திரும்பி, அதில் உட்கார்ந்திருப்பவர் கையில் இடித்துவிடாதபடி தோளைக் கொஞ்சம் ஒடுக்கிக்கொண்டு, அந்த நாற்காலியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

சொன்னீர்களா என்று அவன் கேட்கவில்லை. “ஆன்ட்டி, நீங்க யாரைப் பாத்துச் சிரிக்கிறீங்க?” என்றான்.

யோசித்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பேன்.

“உன்னத்தான்டா” என்றேன்.

 ஓகே ஆன்ட்டி என்று மெதுவாகச் சொல்லி ஃபோனை வைத்தான்.